சிப்பாயும் செவிட்டு ஆடும்

பங்குனி முதல் வாரம். சம்பா அறுத்த வயல்கள் வெடிப்பு விட்டுக் கிடந்தன. வரப்புப் புல்லில் பனி காய்ந்துவிட்டது. வெயில் இன்னும் முதுகைச் சுடத் தொடங்கவில்லை.

வெண்ணாற்றங்கரை மடத்தின் மருந்தறை வாசலில் நின்று நடனசபாபதி கேட்டார்:

“என் குடலில் உயிரோடு ஒன்றும் மிஞ்சாதபடி ஒரு மருந்து வேண்டும், அம்மா.”

வாகீசுவரி அம்மை கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ஒன்றும் என்றால்?”

“ஒன்றும்தான். ஒரு கிருமிகூட.”

“போன முறை நீங்களே கடையில் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினீர்களே, அந்த மாத்திரைகளும் அதைத்தான் செய்யப் பார்த்தன. அதன் பிறகுதானே வயிறும் தோலும் கெட்டு இங்கே வந்தீர்கள்?”

“வேலை பாதியில் நின்றுவிட்டது.”

“நல்ல வேளை” என்றார் அம்மை.

அம்மைக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. மருத்துவம் படித்து, கல்லூரியில் அதையே கற்பித்து, பிறகு காவி உடுத்தவர். நடனசபாபதிக்கு அறுபது கடந்துவிட்டது. துறைமுகச் சுங்கத்தில் இருந்தவர். பிரித்துப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் உள்ளே விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஓய்வு பெற்றபின் பிரிப்பதற்குப் பெட்டி இல்லை. வயிறு ஒன்றுதான் கைவசம் இருந்தது.

தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, மறுபடியும் காய்ச்சிக் குடித்தார். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டினார். மோர் கூடாது, கீரை கூடாது, பழம் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு உடலெல்லாம் தடித்தது, வயிறு இரைந்தது.

அந்த மடத்தில் சீடராகச் சேர மொட்டையடிக்க வேண்டாம், மந்திரம் வாங்க வேண்டாம். ஆடிப்பெருக்கன்று ஆற்றுப்படியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து கையில் வாங்கி உண்ண வேண்டும். அவ்வளவுதான்.

சென்ற ஆடியில் நடனசபாபதி வரிசைக்கு அப்பால் நின்று, தம் கஞ்சியைத் தாமே குடித்தார். ஆகவே அவர் இன்னும் சீடர் ஆகவில்லை, விருந்தாளி.

“இந்த ஆடிக்கும் முடியாமல் போனால், நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்” என்றார். ஊரில் இருந்தது பூட்டிய வீடு.

“ஆமாம்” என்றார் அம்மை. அவர் எதையும் சர்க்கரை தடவிச் சொல்வதில்லை.

“என் உடம்பில் காவலே இல்லையா, அம்மா?”

“இருக்கிறது. குடற்சுவர் நெடுகத்தான் நெருக்கமாக நிற்கிறது.”

“அந்தச் சுவரை ஒட்டியே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்.”

“நான்தான் சொன்னேன்.”

“காவல் நிற்கும் இடத்திலேயே குடியிருப்பா? அப்படியானால் காவல் தூங்குகிறது. இல்லையென்றால் கையூட்டு வாங்குகிறது.”

“உங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லையா?”

“வேறு என்ன இருக்க முடியும்?”

அம்மை கையைத் துடைத்துக்கொண்டார். “கஞ்சியை வடிகட்டும்போது நாரெல்லாம் துணியில் தங்கிவிடுகிறதே. உள்ளே இருப்பவர்கள் எதை உண்பார்கள்?”

“பட்டினி கிடக்கட்டும்.”

“கிடக்க மாட்டார்கள். சுவர்மேல் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. அதைச் சுரண்டி உண்பார்கள்.”

நடனசபாபதி இதைக் காதில் வாங்கவில்லை. அவர் தம் கேள்வியைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார்.

“ஒன்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே யாருக்கு யார் அடக்கம்? காவலுக்குக் குடிகளா, குடிகளுக்குக் காவலா?”

“நல்ல கேள்வி. ஆடிப்பெருக்கன்று நான் உங்களைக் கேட்கிறேன். பதில் சொல்லிவிட்டு வரிசையில் உட்காருங்கள்.”

“ஆடி வரைக்கும் எதற்கு? காவலுக்குத்தான் குடிகள் அடக்கம்.”

“இல்லை” என்றார் அம்மை.

அப்போது வாசலில் சங்கிலிச் சத்தம் கேட்டது.

*

வந்தவர் சேதுக்கோன். இராமநாதபுரத்துப் பக்கம். ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் ஆடுகளை இந்தப் பக்கம் ஓட்டிவந்து, இரவில் வயலுக்குள் கிடை அமர்த்துவார். வயலுக்கு எரு, ஆட்டுக்குப் புல், அவருக்கு நெல்.

சங்கிலியின் மறுமுனையில் பெரிய நாய் ஒன்று நின்றது. கொழுத்த உடம்பு. பின்னங்கால் ஒன்று மயிரின்றிச் சிவந்து, புண்ணாகியிருந்தது.

“தாயி, இந்தச் சனியனுக்கு ஒரு வழி சொல்லணும். இல்லேன்னா இன்னைக்கே எங்கேயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருவேன்.”

“கடிக்கிறதா?”

“குட்டியைக் கடிக்குது. கெடாவைக் கடிக்குது. கடிக்க ஒண்ணும் அகப்படலேன்னா தன் காலைத் தானே கடிக்குது. வாலைப் பாருங்க, தேஞ்ச வெளக்குமாறு மாதிரி.”

“எப்படி வளர்த்தீர்கள்?”

சேதுக்கோன் நிமிர்ந்தார். “ராசா மாதிரி, தாயி! ஆட்டோட பழகினா மனசு எளகிரும், நரியைக் கண்டாலும் வாலை ஆட்டும்னு நெனச்சேன். கண்ணு தொறந்த அன்னைக்கே பிரிச்சுத் தனிக் கொட்டாயிலே கட்டிட்டேன். ஆட்டு வாடை, மனுச வாடை, ஒண்ணும் கிட்டே அண்ட விடலே. பால்சோறு, முட்டை. பேரு சிப்பாய்.”

“உங்கள் மற்ற நாய்கள்?”

“அதுக ஆட்டுக்குள்ளேயே பொறந்து உருண்டதுக. அதுகளாலே ஒரு தொந்தரவும் இல்லே.”

சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார்.

நடனசபாபதி நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. இருவருக்கும் பிடிக்கவில்லை.

“உங்கள் இலாகாக்காரர்” என்றார் அம்மை, நடனசபாபதியிடம்.

சேதுக்கோன் தோள்பையிலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்தார். அவித்த கடலையின் நிறம். கண் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

“அதே தாயோட அடுத்த ஈத்து. இதை எங்கே கட்டட்டும்?”

“கட்டவே வேண்டாம்” என்றார் அம்மை. “சிப்பாய் இங்கே இருக்கட்டும். குட்டி உங்களோடு போகட்டும். இவரும் போகட்டும்.”

“நானா?” என்றார் நடனசபாபதி.

“இதை ஆட்டுக்குட்டிகளின் கூட்டுக்குள் விடுங்கள். விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.”

“அங்கே கிருமி இருக்கும், அம்மா.”

“நிறைய” என்றார் அம்மை, மிகுந்த மகிழ்ச்சியோடு.

பிறகு சேதுக்கோன் பக்கம் திரும்பினார். “உங்கள் மந்தையில் எதற்கும் பயப்படாத ஆடு உண்டா?”

“செவிட்டு ஆடு ஒண்ணு இருக்கு, தாயி. கெழடு. இடி விழுந்தாலும் அசை போட்டுக்கிட்டு நிக்கும்.”

“அதை இங்கே அனுப்புங்கள்.”

*

குட்டிகளை அடைக்கும் கூடு மூங்கிலால் பின்னியது. பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்தது போலிருந்தது. நடனசபாபதி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தார்.

நாய்க்குட்டி ஓர் ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்தது.

ஆட்டுக்குட்டி முட்டியது. நாய்க்குட்டி உருண்டது. எழுந்து வந்து மறுபடியும் கடித்தது; மறுபடியும் உருண்டது.

அடுத்த முறை காதை வாயில் வைத்தது, கடிக்கவில்லை. முட்டு விழவில்லை.

நடனசபாபதி தம்மை அறியாமல் துண்டை இறக்கினார்.

“பார்த்தீரா? அழுத்தத்தைக் குறைத்துவிட்டது!”

“இன்னும் நாலு முட்டு வாங்கட்டும், அய்யா. வாய் வெண்ணெய் மாதிரி ஆயிரும்” என்றார் சேதுக்கோன்.

பால் கொடுக்க வந்த தாய் ஆட்டின் மடியில் குட்டிகளோடு நாய்க்குட்டியும் நுழைந்தது. ஆடு தடுக்கவில்லை.

“அதற்குத் தெரியாதா, இது நாய் என்று?”

“அதுக்கு எண்ணத் தெரியாது, அய்யா. எத்தனை வாய் வந்தாலும் குடுக்கும்.”

வயிறு நிறைந்த நாய்க்குட்டி ஒவ்வோர் ஆட்டுக்குட்டியாகப் போய் முகத்தை நக்கியது.

“இது எதற்கு?”

“முத்திரை குத்துது. நீங்க பொட்டி மேலே குத்துவீங்களே, அந்த மாதிரி. நம்ம ஆளு, தெரிஞ்ச ஆளுன்னு.”

நடனசபாபதி அன்றே அதற்குச் சுண்டல் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தபின் மூக்கை மூட மறந்துபோனார்.

*

சித்திரையில் ஒரு காலை மடத்துக்கு வேகமாக வந்தார்.

“அம்மா, பதிலை மாற்றிக்கொள்கிறேன். குடிகளுக்குத்தான் காவல் அடக்கம். ஆட்டுக்குட்டிகள் நாய்க்குப் பாடம் நடத்துகின்றன. நானே பார்த்தேன்.”

“குடலிலும் அப்படி நடப்பதுண்டு” என்றார் அம்மை. “பிறந்த குழந்தைக்குள் முதலில் குடியேறும் நுண்ணுயிர்களிடம்தான் அதன் காவல் பழகிக்கொள்கிறது, எதை அடிப்பது, எதை விடுவது என்று. பிறகும், நாரை அவை புளிக்கவைக்கும்போது உண்டாகும் சில அமிலங்கள் காவலைப் பொறு, பொறு என்று அமர்த்துகின்றன.”

“அப்படியானால் என் பதில் சரி.”

“இல்லை.”

“காவல் திருப்பி ஒன்றும் செய்வதில்லையே! அவற்றைக் கொல்கிறதா?”

“சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்தால் கொல்லும். நுழையாதவற்றின் மேல் ஒருவகைப் புரதத்தைப் பூசிவிடும். பூசிக்கொண்டவை சுவரை நெருங்காமல், தம் இடத்தில் பிழைத்துக் கிடக்கும்.”

“முத்திரை!” என்று கத்தினார் நடனசபாபதி. “அம்மா, அது முத்திரை!”

மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மை அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப்போனார்.

வேப்பமரத்தடியில் சிப்பாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. எட்டாத தூரத்தில் செவிட்டு ஆடு முளையில் கட்டப்பட்டு மேய்ந்தது. அது நிமிரவே இல்லை. எவ்வளவு குரைத்தும் எதிராளிக்கு உறைக்காததால், சிப்பாய் நடுநடுவே நிறுத்தி யோசித்தது.

நடனசபாபதி நெடுநேரம் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது.

“சுண்டலுக்குச் சரி, அம்மா. அது குட்டி. இந்த மாதிரி வயதேறியதற்கு?”

அம்மை ஆட்டின் பக்கம் நடந்தார்.

குனிந்து ஆட்டின் முளையைப் பிடுங்கினார். ஒரு சாண் கிட்டே கொண்டுவந்து நட்டார். கல்லால் அடித்து இறுக்கினார்.

“நீங்கள் கிடைக்குப் போங்கள்” என்றார்.

*

ஆனி பிறந்தது. சுண்டல் நீண்ட கால்களோடு எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு ஓடியது.

ஒரு நாள் சேதுக்கோன் உறவில் காதுகுத்துக்குப் போனார்.

“காலையிலே மேய்ச்சலுக்குத் தொறந்து விட்டுருங்க, அய்யா. பக்கத்து வயல்லே எள்ளு நிக்குது. ஒரு கண்ணு வச்சுக்குங்க.”

நடனசபாபதி எள்ளைப் பார்த்தார். திறந்தால் ஆபத்து என்று முடிவு செய்தார். திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் வைத்தார், காய்ச்சாமல். அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

வெயில் ஏறியது. பட்டியைச் சுற்றி நிறுத்தியிருந்த வைக்கோல் படலை ஆடுகள் முகர்ந்தன. ஒரு கிடா ஒரு தாளை உருவியது. மற்றவை உருவின.

உச்சி வேளைக்குள் ஒரு படலில் பாதியைக் காணோம். அந்த ஓட்டை வழியாக மந்தை வெளியேறி நேராக எள்ளை நோக்கி ஓடியது.

“நில்! நிறுத்து!” என்று கத்திக்கொண்டு நடனசபாபதி ஓடினார். ஒரு காலத்தில் அந்தக் குரலுக்குக் கப்பல் நின்றது. ஆடு நிற்கவில்லை. வேட்டி தடுக்கி வாய்க்காலில் விழுந்தார்.

அவரைத் தாண்டிச் சுண்டல் பறந்தது.

முன்னால் போன கிடாவின் எதிரில் குறுக்காக நின்றது. குரைக்கவில்லை. கிடா தலையைத் தாழ்த்தி அதை முகர்ந்தது; தெரிந்த வாடை. நின்றது. பின்னால் வந்தவை நின்றன. அதற்குள் எள்ளில் நுழைந்து மேயத் தொடங்கிவிட்ட ஓர் ஆட்டுக்குட்டியைச் சுண்டல் தோளால் இடித்துத் தள்ளியது. அந்தக் குட்டி திரும்பி ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் வெளியே வந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நடனசபாபதி சேற்றோடு எழுந்து, தரிசுப் பக்கம் வழிவிட்டார். மந்தை அங்கே பரவி மேயத் தொடங்கியது. சுண்டல் ஓரத்தில் படுத்துக்கொண்டது. எங்கும் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

பொழுது சாய வந்த சேதுக்கோன் படலைச் சுற்றி வந்தார்.

“இதை எது அய்யா தின்னது?”

“ஆடு தின்றது. தின்னவைத்தது நான்.”

“கப்பலையே புடிச்சவரு ஒரு கெடாவைப் புடிக்க முடியலையா?” சேதுக்கோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தீனியை நிறுத்தினா அதுக வேற என்ன செய்யும்? இருக்கிற வீட்டைத்தான் திங்கும்.”

நடனசபாபதியும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

தம் வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலைக் கஞ்சியை அவர் வடிகட்டவில்லை. அந்தத் துணியைக் கிழித்து, முட்டிய குட்டியின் கழுத்தில் ஒரு மணி கட்டிவிட்டார்.

*

ஆடிப்பெருக்கு. காலையிலேயே ஆற்றில் புதுத்தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. பெண்கள் காதோலை கருகமணி விட்டார்கள். படியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய அண்டாவில் புளிச்சோறு, அடுத்ததாக எலுமிச்சைச் சோறு, கடைசியாகத் தயிர்ச்சோறு. ஒன்று தீர்ந்தபின் மற்றொன்றை அதே அண்டாவில் கொட்டுவது அங்கே வழக்கம்.

ஓரிடம் காலியாக இருந்தது.

“வர மாட்டார் போலிருக்கிறது” என்றார் பரிமாற நின்ற பெண்.

“பொறு” என்றார் அம்மை.

நடனசபாபதி அப்போது கொல்லைப்புறத்தில் நின்றிருந்தார். தண்ணீர் வயலுக்கு ஏறுமுன் மந்தையை மேட்டுக்கு ஓட்டிவிட்டு, அவசரமாக வந்தவர், வேப்பமரத்தடியில் கால் ஓடாமல் நின்றுவிட்டார்.

செவிட்டு ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகின்மேல் தாடையை வைத்துச் சிப்பாய் தூங்கியது. பின்னங்காலில் புது மயிர் முளைத்திருந்தது. சங்கிலி புல்லில் கிடந்தது. அதன் எந்த முனையும் எதிலும் மாட்டப்படவில்லை.

ஆடு சற்று அசைந்தது.

சிப்பாய் ஒரு கண்ணைத் திறந்தது. நடனசபாபதியைப் பார்த்துக் கடமைக்கு ஓர் உறுமல் உறுமியது. ஆட்டின் காதை ஒருமுறை நக்கியது. கண்ணை மூடிக்கொண்டது.

நடனசபாபதி சிரித்த சிரிப்பு ஆற்றுப்படி வரை கேட்டது.

வந்தார். காலியிடத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். அம்மை புளிச்சோறு வைத்தார், உண்டார். எலுமிச்சைச் சோறு வைத்தார், உண்டார். இடையிடையே பக்கத்திலிருந்த மீன்காரப் பெண்மணிக்கு, எந்தக் குட்டி எந்தக் குட்டியை எப்படி முட்டியது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, சோத்தைத் தின்னுட்டுச் சொல்லுங்களேன்” என்றாள் அவள். “என் மேலெல்லாம் பருக்கை.”

“நடனசபாபதி” என்றார் அம்மை.

“அம்மா?”

“பதில்.”

“எந்தக் கேள்விக்கு?”

வரிசை முழுவதும் சிரித்தது. அம்மை சிரிக்கவில்லை.

“உள்ளே யாருக்கு யார் அடக்கம்?”

நடனசபாபதி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். காலியான உள்ளங்கையைப் பார்த்தார். அதை மறுபடியும் நீட்டினார்.

“தயிர்ச்சோறு கொஞ்சம் தாராளமாக வையுங்கள், அம்மா. உள்ளே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.”

அம்மை இம்முறை ‘இல்லை’ என்று சொல்லாமல், அகப்பை நிறைய வைத்தார்.

*

மறுநாள் காலை அவருடைய இடது முழங்கையில் ஒரே ஒரு தடிப்பு எழுந்தது. அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

தின்னப்பட்ட எள்ளுக்கு அவர் ஆனிக் கடைசியிலேயே ஈடு செய்துவிட்டார்: வயல்காரர் எள்ளுச் செடியை உலுக்க, இவர் நின்று புடைத்துக் கொடுத்தார். படலுக்கு ஆடியில் ஒரு புதுப் படல் பின்னினார். அது கோணலாக இருந்தது. கிடை அமர்ந்த வயல்களுக்குரிய நெல் சேதுக்கோனுக்குத் தையில், அறுத்த களத்திலேயே அளக்கப்பட்டது.

சேதுக்கோன் மடத்துக்குத் தரவேண்டிய வைத்தியக் கூலியாகச் செவிட்டு ஆட்டை விட்டுப் போனார், ஆடிக் கடைசியில். கிழடு, இனி ஈனாது என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

ஆனியில் கொல்லைக்குள் புகுந்துபோன ஒரு கிடாவின் புண்ணியத்தில், ஆடு தன் பங்கைக் கார்த்திகையில் செலுத்தியது: பெட்டைக்குட்டி ஒன்று. தாய் திரும்பிப் பார்ப்பதற்குள் சிப்பாய் அதை நக்கித் துடைத்திருந்தது.